வீட்டு மேஜையில் டிஜிட்டல் கேமரா பழுதுபார்ப்பு: முதல்முறை திறப்பவர்களுக்கு

பழைய பாயின்ட் அண்ட் ஷூட் கேமராக்களுக்கு மறுபடியும் கிராக்கி வந்திருக்கிறது. 2000களில் கல்யாண வீட்டுக்கும் ஊட்டிப் பயணத்துக்கும் எடுத்துப்போன அதே கேமராவை இப்போது கல்லூரிப் பிள்ளைகள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் காலத்து மாடல்களுக்கு சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் பாகம் இருப்பதில்லை. "இதை விட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க" என்ற பதிலோடு திரும்பி வர வேண்டியதுதான். அந்தக் கேமரா பிழைக்க வேண்டுமென்றால் நாமே உட்கார்ந்து திறந்தால்தான் உண்டு. கொஞ்சம் பொறுமையும், ஒரே ஒரு பாகத்தின் மேல் நல்ல பயமும் இருந்தால் இது யாருக்கும் கைவரக்கூடிய வேலை. அந்தப் பாகம் எது என்று பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

லென்ஸ் வெளியே நீண்டு, அணைத்ததும் உள்ளே போய்விடும் சிறிய காம்பாக்ட் கேமராக்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கேனன் பவர்ஷாட், நிக்கான் கூல்பிக்ஸ், சோனி சைபர்ஷாட் என்று வீட்டுக்கு வீடு இருந்தவை. டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். அவற்றில் வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சென்சார் உட்காரும் உயரத்தை மிக நுட்பமாக அளந்து வைத்திருப்பார்கள். கலைந்தால் வீட்டில் திரும்ப வைக்க முடியாது. தண்ணீருக்குள் எடுத்துப்போகும் வாட்டர்ப்ரூஃப் மாடல்களும் வேண்டாம். திறந்து மூடியபின் அவற்றின் ரப்பர் சீலை நம்ப முடியாது.

கையில் இருப்பது உங்களுக்கு நெருக்கமான ஒரே கேமரா என்றால், முதலில் அதே ரகத்தில் செத்துப்போன ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, கழற்றி, திரும்பப் பூட்டிப் பாருங்கள். கை பழகிய பிறகு உங்களுடையதைத் தொடலாம்.

திறக்காமலே சரியாகும் பழுதுகள்

"கெட்டுப்போச்சு" என்று ஒதுக்கி வைத்த கேமரா எல்லாம் உண்மையில் கெட்டுப்போனது அல்ல. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் வெளியே பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் பேட்டரி. டபுள்-ஏ பேட்டரியில் ஓடும் கேமரா என்றால், பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண ஜிங்க்-கார்பன் பேட்டரியைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் அது போதும். லென்ஸைத் தள்ளும் மோட்டார் ஓடத் தொடங்கும்போது இழுக்கிற கரன்ட்டை அதனால் கொடுக்க முடியாது. லென்ஸ் பாதி வழியில் நின்று, பீப் ஒலியோடு திரையில் 'லென்ஸ் எரர்' வரும். பழுது பேட்டரியில், பழி லென்ஸுக்கு. முழுக்க சார்ஜ் ஏற்றிய நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் பேட்டரியைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். தட்டையான லித்தியம் அயன் பேட்டரி என்றால் முழு சார்ஜில் மல்டிமீட்டர் 4.2 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். உப்பிப் போயிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம். மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. அது காரத்தன்மை உள்ளது. காது குடையும் பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்தால் கரைந்து வரும். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட இன்னொரு பட்ஸால் துடைத்துக் காயவிடுங்கள். உலோகத்தில் பச்சை பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு தெரியும்வரை லேசாகத் தேயுங்கள்.

அடுத்தது பேட்டரி மூடி. பலர் கவனிக்காத இடம் இது. மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். மூடியின் ஓரத்தில் அரிசி அளவு பிளாஸ்டிக் நீட்டல் ஒன்று அதை அழுத்தும். நீட்டல் உடைந்துபோனால் கேமரா உயிரே இல்லாததுபோல் கிடக்கும். ஒரு பல்குச்சியால் அந்த சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனைத் தட்டிப் பாருங்கள். உயிர் வந்தால், பழுது மூடியில்தான்.

மெமரி கார்டும் ஏமாற்றும். சாதாரண எஸ்டி கார்டின் எல்லை 2 ஜிபி. 32 ஜிபி வரை போகும் எஸ்டிஎச்சி வகை 2006இல்தான் வந்தது. அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி 2009இல். 2004ஆம் ஆண்டு கேமராவில் 32 ஜிபி கார்டைச் செருகினால் 'கார்டு எரர்' காட்டாமல் என்ன செய்யும்? 2 ஜிபி அல்லது அதற்கும் சிறிய கார்டைத் தேடிப் போட்டுப் பாருங்கள். கார்டின் இடது ஓரத்தில் இருக்கும் பூட்டுத் தாழ்ப்பாள் கீழே இறங்கியிருந்தாலும் படம் பதியாது.

திரையைப் படிப்பது

கேமரா உயிர்பெற்றுவிட்டால் நோய் எங்கே என்று அதுவே காட்டும். மெனுவும் எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்து, காட்சி மட்டும் கறுப்பாக இருந்தால் எல்சிடி நன்றாக இருக்கிறது. சென்சாரோ ஷட்டரோதான் சந்தேகம். கார்டில் உள்ள பழைய படங்கள் நன்றாகத் தெரிந்தால் அந்தச் சந்தேகம் உறுதியாகும். திரையில் காட்சி சரியாக இருந்து, எடுத்த படம் மட்டும் வெளிறிப்போய்க் கோடுகோடாக விழுந்தால், குறிப்பாக வெயிலில், ஷட்டர் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. சிசிடி என்ற வகை சென்சார் தன் படத்தை வெளியே அனுப்பும் நேரத்தில் ஷட்டர் மூடி வெளிச்சத்தை மறைக்க வேண்டும். மூடாவிட்டால் வெளிச்சம் வழிந்து கோடாகிறது. படம் எல்லாமே கும்மிருட்டாக வந்தால் ஷட்டர் மூடியபடி சிக்கியிருக்கலாம். திரையே இருண்டு, டார்ச் அடித்தால் மட்டும் மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்விளக்கு போய்விட்டது.

காட்சி ஊதா நிறமாக, அலை அலையாகக் கலங்கித் தெரிகிறதா? கேமரா 2002 முதல் 2004 வரையிலான காலத்துத் தயாரிப்பா? அப்படியானால் ஒரு பழைய கதையை நினைவில் வையுங்கள். அந்தக் காலகட்டத்தில் சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்களுக்குள் இருந்த வயர் இணைப்பு, வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில் விட்டுப்போனது. அதே சென்சாரை கேனன், நிக்கான், ஃபுஜி என்று பல கம்பெனிகளும் வாங்கிப் பொருத்தியிருந்ததால், 2005இல் அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிட்டு இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இப்படிப் போன கேமராக்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன. துடைத்தாலும் கேபிளைக் கழற்றி மாட்டினாலும் இது சரியாகாது. சென்சாரை மாற்றினால்தான் தீரும்.

லென்ஸ் எரர்: வெளியிலிருந்து

இதுதான் இந்தக் கேமராக்களின் முதல் எதிரி. பழைய கேனன்களில் 'ஈ18' என்று வரும். சோனியில் அணைத்து மறுபடி போடச் சொல்லும். காரணம் பெரும்பாலும் மணல், அல்லது கீழே விழுந்த அடி. கடற்கரைக்குப் போய் வந்த மறுநாள் லென்ஸ் கரகரவென்று பாதியில் நின்றால் யோசிக்கவே வேண்டாம், மணல்தான்.

பவர் பட்டனைத் தட்டிக் காதருகே வைத்துக் கேளுங்கள். மோட்டார் உறுமி, டக் டக் என்று பல்சக்கரம் வழுக்கும் சத்தம் வந்தால் ஏதோ தடுக்கிறது. சத்தமே இல்லையென்றால் மோட்டாரோ அதற்குப் போகும் கேபிளோ. தடுப்பு என்றால் கேமராவை லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து, லென்ஸ் குழாய்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில் ரப்பர் பிளோயரால் சுற்றிச் சுற்றிக் காற்று அடியுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். பிறகு மொடமொடப்பான மெல்லிய தாளை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, அதே இடுக்கில் மெதுவாக விட்டு முழுச் சுற்றும் இழுத்து வாருங்கள். சிக்கிய மணல் இருக்குமிடத்தில் தாள் முட்டும். அங்கே நின்று முன்னும் பின்னும் அசைத்து வெளியே தள்ளுங்கள்.

கீழே விழுந்த கேமரா என்றால் முன்பக்கமாக நேரே பாருங்கள். லென்ஸ் குழாய் ஒரு பக்கம் உள்வாங்கிச் சாய்ந்திருக்கும். குழாயின் சுற்றில் இருக்கும் சிறு முளைகள் வெளிக்குழாயின் சரிவான பள்ளத்தில் ஓடித்தான் லென்ஸ் நீள்கிறது. அடிபட்டதில் ஒரு முளை பள்ளத்தை விட்டு வெளியேறியிருக்கிறது. துருத்திக்கொண்டிருக்கும் பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி நேராக்கினால் சில நேரம் 'க்ளிக்' என்ற சத்தத்தோடு முளை தன் இடத்தில் உட்காரும். இரண்டு மூன்று முறைக்கு மேல் முயல வேண்டாம். முளை முறிந்துவிட்டால் பிறகு லென்ஸ் யூனிட்டையே மாற்ற வேண்டியதாகிவிடும்.

இத்தனையும் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்றால்தான் திறப்பது.

மேஜையும் கருவிகளும்

ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்தக் கேமராக்களில் இருப்பவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் வெட்டிய பிளஸ் ஸ்க்ரூக்கள். பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராது, திருப்பும்போது ஏறி வழுக்கி ஸ்க்ரூவின் தலையை மழுக்கிவிடும். ஜேஐஎஸ் 000, 00 அளவுகள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் முனை தேயாத நல்ல எஃகு டிரைவர் வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெரு, கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் இடங்களில் மொபைல் சர்வீஸ் கருவிகளோடு இதையும் கேட்டு வாங்கலாம். கூடவே வளைந்த முனை ட்வீசர், மொபைல் திறக்கும் பிளாஸ்டிக் நெம்பி, மல்டிமீட்டர், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், ரப்பர் பிளோயர். ஃபிளாஷுக்காக உள்ளே தேங்கும் சார்ஜைப் பத்திரமாக இறக்க 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் மறக்காமல் வாங்குங்கள். கடையில் "டூ பாயின்ட் டூ கே, ஃபைவ் வாட்" என்று கேட்டால் வெள்ளை செங்கல் வடிவத்தில் ஒன்றைத் தருவார்கள். சில ரூபாய்தான்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஸ்க்ரூ பறக்கும், தூசி சென்சாரில் உட்காரும். விளிம்புள்ள பிளாஸ்டிக் ட்ரேயில் வெள்ளைத் தாள் விரித்து அதற்குள் வேலை செய்தால், கை தவறும் ஸ்க்ரூ உருண்டு தரைக்குப் போகாது. பாலியஸ்டர் சட்டை தவிர்த்து பருத்தி உடுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் கேமராவின் அடி, இடது, வலது, பின்புறம் என்று நான்கு படங்களைக் கோட்டோவியமாக வரைந்து, ஸ்க்ரூ வரும் இடங்களில் இருபுறமும் ஒட்டும் டேப்பை ஒட்டிவிடுங்கள். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படத்தில் அதே இடத்தில் ஒட்டுங்கள். இது அவசியம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் ஸ்க்ரூக்கள் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வேறுபடும். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான துளையில் முறுக்கினால் அது எல்சிடியைக் குத்தி உடைத்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கேபிள் எந்தப் பக்கமாக வளைந்து, எதன் அடியில் போகிறது என்பது மறுநாள் உங்களுக்கு நினைவிருக்காது.

ஃபிளாஷ் கண்டென்சர்

நான் சொன்ன பயம் இங்கேதான். கேமராவின் பேட்டரி வெறும் 3 வோல்ட்டோ 3.7 வோல்ட்டோதான். ஆனால் ஃபிளாஷுக்காக உள்ளே இருக்கும் சுற்று அதை ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்தி ஒரு கண்டென்சரில் சேமித்து வைக்கிறது. நம் வீட்டு பிளக்கில் வரும் 230 வோல்ட்டைவிட அதிகம். பேட்டரியை எடுத்த பிறகும் அந்தச் சார்ஜ் மணிக்கணக்கில், சில கேமராக்களில் நாள்கணக்கில் அப்படியே நிற்கும். 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 300 வோல்ட்டில் நாலரை ஜூல் ஆற்றலைப் பிடித்து வைத்திருக்கும். கை பட்டால் உதறி எறியும். விரலில் தீக்காயம் வரலாம், உதறும் வேகத்தில் கேமரா எங்கோ பறக்கலாம். இதய நோய் உள்ளவர்களும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். குழந்தைகள் இருக்கும் இடத்தில் திறந்த கேமராவை வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.

கண்டென்சர் உருளையாக, விரல் பருமனில், கறுப்பு அல்லது கருநீல உறையோடு இருக்கும். உடம்பில் 300 அல்லது 330 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் ஃபிளாஷுக்குப் பக்கத்திலோ, பேட்டரி அறையை ஒட்டியோ, அடிப்பகுதியிலோ படுத்திருக்கும். வெளி உறையைக் கழற்றிய நொடியிலிருந்து அதன் இரண்டு கால்களும் சால்டர் புள்ளிகளாக வெளியே தெரியலாம். ஆகவே உறை கழன்றதும் செய்யும் முதல் வேலை அதை வெறுமையாக்குவதுதான்.

வாங்கி வந்த ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் நன்றாக உறையிட்ட வயரைச் சால்டர் செய்து, இணைப்புகளை இன்சுலேஷன் டேப்பால் முழுக்க மூடுங்கள். வயரின் மறுமுனைகளில் மல்டிமீட்டர் ஊசி மாதிரியான உறையிட்ட பிடிகள் இருந்தால் உத்தமம். கேமராவை ட்ரேயில் அசையாமல் வைத்து, கண்டென்சரின் இரண்டு கால்களிலும் இரண்டு முனைகளையும் வைத்து ஐந்து நொடி பிடியுங்கள். ஒரு நொடியிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். மீதி நேரம் நம் பாதுகாப்புக்கு. பிறகு மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட் நிலையில் வைத்து அளந்து, பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் 20 வோல்ட் நிலைக்கு மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். இந்த வகைக் கண்டென்சர் இறக்கிய பிறகும் சில நிமிடங்களில் கொஞ்சம் வோல்ட்டைத் தானாகவே மீட்டுக்கொள்ளும். ஆகவே ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை.

டிவி மெக்கானிக்குகள் சிலர் ரெசிஸ்டருக்குப் பதிலாக இழை உள்ள பழைய ஜீரோ வாட் பல்பைப் பயன்படுத்துவார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் இழை பல்பாகத்தான் இருக்க வேண்டும். இப்போது அதே வடிவில் வரும் எல்இடி பல்பு உதவாது. ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கால்களுக்கும் குறுக்கே வைத்து 'டப்' என்று வெடிக்க வைப்பதைப் பல வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். பொறி பறக்கும், போர்டின் தடங்கள் கருகும், பழுது ஒன்று இரண்டாகும்.

மிக முக்கியமாக இன்னொன்று. நடுவில் சோதித்துப் பார்க்கப் பேட்டரியைப் போட்டு கேமராவை இயக்கினால் கண்டென்சர் மறுபடி நிரம்பிவிடும். ஃபிளாஷை மெனுவில் அணைத்து வைத்தாலும் சில மாடல்கள் இயக்கியதுமே நிரப்பத் தொடங்கும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் மறுபடி இறக்கி, மறுபடி அளக்க வேண்டும்.

உறையைக் கழற்றுதல்

பேட்டரி, கார்டு, கைக்கயிறு மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூக்கள் அடியிலும் இரு பக்கவாட்டிலும் கண்ணில் படும். ஒளிந்திருப்பவை யூஎஸ்பி ரப்பர் மூடிக்குக் கீழே, பேட்டரி அறைக்குள், சில மாடல்களில் ஸ்டிக்கருக்கு அடியில். டிரைவரை நேராக நிறுத்தி, திருப்பும் பலத்தைவிட அழுத்தும் பலத்தை அதிகம் கொடுங்கள். தலை மழுங்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி, அகலமான ரப்பர் பேண்டை இடையில் வைத்து அழுத்தித் திருப்புங்கள். சிவப்போ பச்சையோ பசை பூசிய ஸ்க்ரூ என்றால் சால்டரிங் அயன் முனையைச் சில நொடி அதன் தலையில் வைத்துச் சூடாக்கினால் பசை இளகும்.

எல்லா ஸ்க்ரூவும் வந்த பிறகு உறை கைபட்டதும் விரிய வேண்டும். ஓர் ஓரம் விரிந்து மற்றொன்று இறுக்கமாக நின்றால் அங்கே ஏதோ ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. பலவந்தமாக இழுக்காமல் தேடுங்கள். பிளாஸ்டிக் கொக்கிகள் மட்டும் பிடித்திருந்தால் நெம்பியை இடுக்கில் விட்டு ஓரமாக நகர்த்தினால் ஒவ்வொன்றாக விடும். உறையின் முன்பாதியும் பின்பாதியும் பிரியும்போது இரண்டுக்கும் நடுவே கேபிள் எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே முழுக்க விலக்குங்கள். இப்போது கண்டென்சர்.

ரிப்பன் கேபிள்கள்

உள்ளே பாகங்களை இணைக்கும், நாடா போன்ற தட்டையான கேபிள்கள் இவை. புதியவர்கள் அதிகம் உடைப்பது இவற்றைச் செருகும் கனெக்டரைத்தான். வகை தெரிந்தால் பயமில்லை. பெரும்பாலானவற்றில் கேபிளுக்கு மேலே கறுப்போ பழுப்போ மெல்லிய இமை ஒன்று படுத்திருக்கும். அதன் ஓரத்தில் நகத்தையோ நெம்பியையோ கொடுத்தால் நிமிர்ந்து நிற்கும், கேபிள் தானாகத் தளரும். இன்னொரு வகையில் இமை நிமிராது. இரு ஓரங்களிலும் உள்ள காதுகளை மாறி மாறி ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுக்க வேண்டும். மூன்றாவது வகைக்குப் பூட்டே கிடையாது, நேராக இழுத்தால் வரும். சட்டைப் பட்டன் போல் அழுத்திப் பூட்டும் வகையும் உண்டு. அதைச் செங்குத்தாக மேலே தூக்க வேண்டும். எது என்று தெரியாமல் இழுக்காதீர்கள். பூதக்கண்ணாடியோ போன் கேமராவின் ஜூமோ வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

திரும்பச் செருகும்போது கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்றிருக்கிறது. பல கேபிள்களில் முனைக்குச் சற்று மேலே குறுக்காக வெள்ளைக் கோடு அச்சிட்டிருக்கும். கேபிள் முழுதாக உள்ளே போனால் அந்தக் கோடு கனெக்டரின் விளிம்புக்கு இணையாக, ஒட்டினாற்போல் நிற்கும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கித் தெரிந்தால் கேபிள் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. எடுத்து மறுபடி செருகுங்கள். இமை உடைந்துவிட்டாலும் கதை முடிந்துவிடாது. மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கேபிளுக்கு மேல் ஆப்பாகச் செருகினால் பல நேரம் பிடித்துக்கொள்ளும்.

லென்ஸ் யூனிட்

எல்சிடியைத் தூக்கி, மெயின் போர்டை விலக்கினால் நடுவில் லென்ஸ் யூனிட் மூன்று நான்கு ஸ்க்ரூக்களில் நிற்கும். அதன் பின்புறத்தில் சென்சார் ஒட்டியிருக்கும். சென்சாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் பசையோ பெயின்டோ பூசியிருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். படத்தின் ஒரு மூலை மங்காமல் இருப்பதற்காகச் சாய்வு சரிசெய்து பூட்டிய இடம் அது.

யூனிட் கைக்கு வந்ததும் பக்கவாட்டில் குட்டி மோட்டாரும் வரிசையாகப் பல்சக்கரங்களும் தெரியும். முதல் சக்கரத்தை விரல் நுனியால் மெதுவாகச் சுற்றினால் லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். எந்த இடத்தில் கனக்கிறது என்று கைக்கே தெரியும். அங்கே பள்ளத்தில் பிளோயர், பிறகு உலர்ந்த மெல்லிய பிரஷ். சக்கரப் பற்களுக்கு நடுவே மணல் துகள் பளபளவென்று மின்னும்; ட்வீசரால் எடுங்கள். பல் உடைந்த சக்கரம் இருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. எண்ணெய் விடாதீர்கள். கம்பெனி தடவிய கிரீஸ் கெட்டியானது. நாம் விடும் தையல் மெஷின் எண்ணெய் பரவி ஷட்டர் இதழ்களில் ஒட்டி அதையும் கெடுக்கும்.

சக்கரம் எல்லாம் சுலபமாக ஓடியும் எரர் வந்தால், மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் 'ப' வடிவக் கறுப்புத் துண்டைத் தேடுங்கள். அதன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை போகிறது. நடுவில் சுழலும் சிறு விசிறி அந்த ஒளியை வெட்ட வெட்ட, லென்ஸ் எவ்வளவு நகர்ந்தது என்று கேமரா எண்ணிக்கொள்கிறது. அங்கே தூசியோ கிரீஸோ அடைத்தால் எண்ணிக்கை வராது. லென்ஸ் நகர்ந்தும் நகரவில்லை என்று நினைத்துக் கேமரா எரர் காட்டும். ஆல்கஹால் தொட்ட பட்ஸின் நுனியால் இரு கால்களின் உட்புறத்தையும் துடையுங்கள்.

லென்ஸ் குழாய்க்குள் போகும் ரிப்பன் கேபிள் மடிந்து மடிந்து விரிசல் விட்டிருந்தாலோ, முளை முறிந்திருந்தாலோ அதைத் தனியாகச் சரிசெய்ய முயல்வதைவிட, வேறு காரணத்தால் செத்த அதே மாடலிலிருந்து லென்ஸ் யூனிட்டை சென்சாரோடு சேர்த்து எடுத்துப் பொருத்துவதே என் கருத்தில் நல்ல வழி. ஓஎல்எக்ஸ் மாதிரியான தளங்களில் 'ஸ்பேர்ஸுக்கு' என்று போட்டு விற்பார்கள். மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூடுதல்

கழற்றிய வரிசையின் தலைகீழ்தான். பிளாஸ்டிக் துளையில் ஸ்க்ரூ போடும்போது முதலில் இடப்புறமாகத் திருப்புங்கள். 'டக்' என்று பழைய மரைக்குள் இறங்கும் உணர்வு கைக்கு வரும். அப்போது வலப்புறம் முறுக்கினால் மரை கெடாது. உறையை மூடும்முன் சென்சார் பக்கமும் எல்சிடியின் உட்புறமும் ஒருமுறை பிளோயர் அடித்துவிடுங்கள். மேஜையில் ஸ்க்ரூ மிஞ்சினால் மூடாதீர்கள். வரைபடத்தில் எந்த இடம் காலி என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மூடியதும் தேதியும் நேரமும் கேட்கும், கொடுங்கள். அணைத்துப் பேட்டரியை எடுத்துப் போடும்போதெல்லாம் மறுபடி கேட்டால் கடிகார பேட்டரி தீர்ந்துவிட்டது. சில மாடல்களில் அது வெளியிலிருந்தே கழற்றக்கூடிய சிறு பட்டன் செல். சிலவற்றில் போர்டில் சால்டர் செய்தது. கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து, ஜூமை முழு நீளத்துக்கும் சில முறை ஓட்டி, வெள்ளைச் சுவரை ஒரு படமும் வெயிலில் ஒரு படமும் எடுங்கள். சுவர்ப் படத்தில் கறும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. வெயில் படத்தில் ஷட்டரின் நிலை தெரியும். நான்கு மூலைகளும் ஒரே கூர்மையில் இருக்கின்றனவா என்று கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிளாஷைக் கடைசியாகச் சோதியுங்கள்.

பிறகு கேமராவைத் தோல் உறைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து லென்ஸில் பூஞ்சை வளர்க்கும். டபுள்-ஏ பேட்டரிகளை வெளியே எடுத்துவிட்டு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல நிற ஜெல் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். அதைச் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்க வேண்டாம், நீல நிறம் தரும் கோபால்ட் குளோரைடு நச்சு. மாதம் ஒருமுறை எடுத்து, பேட்டரி போட்டு, லென்ஸை முழுதாக நீட்டி மடக்கி வையுங்கள்.